சேவியர் அண்ணன் கட்டிலுக்கு நான் செய்த நான்கு கால்கள்

டூல் வாங்கத் தெரிந்தவனுக்கு வேலையும் தெரியும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். ஒரு மெஷின் ஃபேக்டரியின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். டிரில் பிட், கார்பைடு டிப், வெர்னியர் என்று எதைக் கேட்டாலும் என்ன சைஸ், என்ன கிரேடு, டெலிவரிக்கு எத்தனை நாள் என்று பேப்பர் பார்க்காமல் சொல்வேன். அவற்றில் ஒன்றையாவது கையில் பிடித்து வேலை செய்திருக்கிறேனா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்ததும், ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக் கராஜைக் காலி செய்தேன். கார் தெருவுக்குப் போய், மரத்தடியில் நின்று, காக்கைகளின் அபிப்பிராயங்களை வாங்கிக்கொண்டது. "காருக்கு வீடில்ல, ரம்பத்துக்கு வீடு" என்றாள் என் மனைவி கலா.

வீட்டில் வொர்க்‌ஷாப் போட ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடட்டும்.

1. வாங்கியது

சிவாஜிநகர் குஜ்ரியில், அந்தப் பழைய சாமான் சந்தையில், மெஷின் விற்கும் பாஷா பாய் எனக்கு ஃபேக்டரி நாளிலிருந்தே பழக்கம். முதலில் அவரிடம் ஒரு மைட்டர் சா வாங்கினேன். மேலிருந்து கீழே இறக்கினால் மரத்தை நேராக வெட்டும் ரம்பம். பழைய மெஷினை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை அவர்தான் காட்டினார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். லொடலொடத்தால் பேரிங் போய்விட்டது. கையை விட்டதும் கார்டு என்கிற மூடி தானாக வந்து பிளேடை மூட வேண்டும். மூடாத மெஷினைச் சும்மா கொடுத்தாலும் எடுக்கக் கூடாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த மாதம் ஆங்கிள் கிரைண்டர், அப்புறம் ஒரு டிரில், அந்த டிரிலுக்குத் துணையாக இன்னொரு டிரில்.

"மணி ஸாப், கிளாம்ப் எத்தினி இருக்கு உங்ககிட்ட?" என்று பாய் ஒரு நாள் கேட்டார்.

"ரெண்டு இருக்கு பாய்."

"மெஷின்?"

"ஏழு."

"உல்டாவா இருக்கணும் ஸாப். மரத்த யாரு புடிச்சுக்குவாங்க, உங்க ஊட்டம்மாவா?"

சிரித்துவிட்டு ஒரு சாண்டர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

2. பொட்டு வைத்தது

அந்த வாரம் ஆயுத பூஜை. ஃபேக்டரியில் பூஜைக்குப் பூசணிக்காய், மாலை, சந்தனம் எல்லாம் வாங்கித் தருவது எங்கள் டிபார்ட்மென்ட்தான். வாங்குவதோடு சரி. ஷாப் ஃப்ளோரில் ஆபரேட்டர்கள்தான் அவரவர் மெஷினுக்குப் பொட்டு வைப்பார்கள். எங்கே வைக்கிறார்கள் என்று நான் கவனித்ததே இல்லை.

என் கராஜில் நானே ஆபரேட்டர். சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்து, இடம் பொருள் பார்க்காமல் வைத்தேன். மோட்டார் மூடிக்கு, வைஸுக்கு, சுத்தியலுக்கு, ஸ்விட்ச் போர்டுக்கு. மைட்டர் சாவின் ஸ்டாப்புக்கும் வைத்தேன். ஸ்டாப் என்பது வேலிமாதிரி ஒரு சின்னக் கட்டை. மரத்தின் ஒரு முனை அதில் முட்டி நிற்கும். எத்தனை துண்டு வெட்டினாலும் ஒரே நீளம் வரும். மரம் முட்டுகிற முகம் பளிச்சென்று எதிரே தெரிந்ததால் அங்கேயே ஒரு பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கலா போட்டோகூட எடுத்தாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்தார். அவர் கணவர் சேவியர் அண்ணனுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து சனிக்கிழமை மதியம் டிஸ்சார்ஜ்.

"கட்டில் ரொம்பத் தாழ்வா இருக்காம் பா. தாழ்வா உக்காந்து எழுந்தா இடுப்புக்குள்ள வெச்ச உருண்ட நழுவிடுமாம். ஆறு இஞ்ச் ஏத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். கார்பெண்டர் திங்கக்கெழமைதான் வருவானாம்."

"கார்பெண்டர் எதுக்கு அக்கா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். இருபத்தாறு வருடமாக இந்த வசனத்துக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

அந்தக் கட்டிலின் கால்கள் போல்ட்டில் கழன்றுவிடும்; ஆறு அங்குலம் உயரமான புதுக் கால்களைப் பூட்டினால் போதும். டிம்பர் டெப்போவில் மூன்று அங்குலச் சதுரத்தில் ஹொன்னே, அதாவது வேங்கை மரம், கொஞ்சம் நீளம் விட்டு நான்கு துண்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை ஸ்டாப்பில் முட்டவைத்து நான்கையும் வெட்டினேன். டேப் பிடித்துப் பார்க்கவில்லை. ஸ்டாப் இருக்கும்போது டேப் எதற்கு?

3. ஆடியது

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கட்டிலைப் பூட்டி நிமிர்த்தினோம். ஸ்டெல்லா அக்கா ஒரு மூலையில் கை வைத்தார். டக். எதிர் மூலையில் வைத்தார். டக்.

"மணி, ஆடுது பா."

"தரை சரியில்ல அக்கா" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து அளந்தேன். தரை மட்டமாகத்தான் இருந்தது. கட்டிலை வேறு இடத்துக்கு இழுத்தோம். அங்கேயும் டக். கட்டில் சட்டம் முறுக்கிக்கொண்டது என்றேன். மழைக்கு மரம் ஊதிவிட்டது என்றேன். மழை பெய்து பத்து நாளாயிற்று. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் அவர் வந்து உட்காருவார், டக் என்று சாயும், நழுவும், மறுபடி ஆபரேஷன், தெரு முழுக்க என் பெயர். இவ்வளவும் அரை நிமிடத்தில் என் தலைக்குள் ஓடி முடிந்தது.

"சும்னே டென்ஷன் ஆகாதே பா. ஒரு அட்டைய மடிச்சுக் காலுக்கு அடியில வெச்சிடு" என்றார் ஸ்டெல்லா அக்கா.

எனக்கு உயிர் வந்தது. அட்டையைத் தேடத் திரும்பினேன். வாசலில் கலா நின்றிருந்தாள்.

"அட்ட நகந்து அவர் விழுந்தா, அட்டயா வந்து பதில் சொல்லும்?"

பாஷா பாய்க்கு போன் போட்டேன். "பாய், உங்க மெஷின் என்னைக் கவுத்துடுச்சு."

"அரே, ஷட்டரே இப்பதான் தூக்கறேன் ஸாப். மெஷினுக்குக் கண்ணா இருக்கு? நீங்க நிறுத்துன எடத்துல வெட்டும். கால் நாலையும் கழட்டி, பக்கத்துப் பக்கத்துல நிறுத்திப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எதுக்கு போன்?"

கழற்றி நிறுத்தினேன். இரண்டு கால் ஒரே உயரம். மற்ற இரண்டும் இரண்டரை மில்லிமீட்டர் குள்ளம். அந்தக் குள்ளன்களைத்தான் எதிரெதிர் மூலைகளில் பூட்டியிருந்தேன். மெஷின் எப்படிப் பாதியில் மனதை மாற்றிக்கொள்ளும் என்று நான் விழிக்க, கலா ஒரு குள்ளக் காலைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க இது, ரெண்டு காலுக்கு மட்டும் பொட்டு வெச்சிருக்கீங்க?"

முனையில் மஞ்சளாக ஒரு வட்டம், நடுவே சிவப்பு. கராஜுக்கு ஓடிப்போய் ஸ்டாப்பைப் பார்த்தேன். சந்தனத்தின் அடித்தடம் மட்டும் இருந்தது. கெட்டியாகக் காய்ந்திருந்த பொட்டில் முட்டி முதல் இரண்டு கால் வெட்டுப்பட்டிருக்கிறது. இடித்த இடியில் அது உதிர்ந்துவிட, அடுத்த இரண்டும் வெறும் கட்டையில் முட்டி நீளமாகிவிட்டன. உதிர்ந்த வில்லை கீழே மரத்தூளில் கிடந்தது.

"மொதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் மெஷினத் தொடலாம்" என்றாள் கலா.

குடித்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்டாப்பைச் சுரண்டித் துடைத்தேன். குள்ளக் காலையே அளவாக வைத்து ஸ்டாப்பை நகர்த்திப் பூட்டினேன். நீளக் காலை அந்த இரண்டு கிளாம்பாலும் இறுக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பிளேடை இறக்கினேன். அதிகமிருந்தது தூளாகவே போயிற்று. அடுத்த காலுக்கும் அப்படியே. பிறகு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே ரசமட்டம் வைத்து, கலாவையும் ஸ்டெல்லா அக்காவையும் தனித்தனியே கூப்பிட்டுக் காட்டினேன்.

பொட்டு வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெஷினின் உடம்பில் வையுங்கள். அளக்கிற முகத்திலும் முட்டுகிற முகத்திலும் வைக்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஸ்டாப்பைத் துடையுங்கள். ஒரே அளவில் நான்கு வெட்டினால் நான்கையும் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். தரை மேல் பழி போடுவதற்கு முன்னால் பாருங்கள்.

பன்னிரண்டே முக்காலுக்குச் சேவியர் அண்ணன் வந்தார். வாக்கரைப் பிடித்து மெதுவாகப் பின்னால் நகர்ந்து, கட்டில் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, முழு எடையையும் இறக்கி உட்கார்ந்தார். கட்டில் ஆடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, யாரும் தூக்கிவிடாமல், அவரே எழுந்து நின்றார்.