வேட்டியில் ஒட்டிய சிவப்பு

எண்பதுகளின் நடுவில், செஞ்சியில் நடந்தது இது. கோட்டைக்குப் போகிற ரோட்டை ஒட்டி அப்போதுதான் சொந்தமாக ஒரு வீடு கட்டியிருந்தேன். எங்கள் பரம்பரையில் கையகல நிலம் வைத்திருந்தவர்கள்கூடக் கிடையாது. என் அப்பா, அதாவது நைனா, ஊரார் வயலில் கூலி வேலை செய்துதான் என்னைப் படிக்க வைத்தார். கிளார்க் வேலை கிடைத்து, செங்கல் வைத்து, சிமெண்ட் தரை போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தரை என்றால் சிவப்புத் தரை. தேங்காய் எண்ணெயில் காவிப்பொடியைக் குழைத்து நாரால் தேய்த்தால் முகம் தெரியும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். மற்றவர்கள் கிரகப்பிரவேசத்தோடு விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முட்டி போட்டுத் தேய்ப்பேன். தன் தலைக்குக்கூட இவ்வளவு எண்ணெய் வைத்ததில்லை என்று மனைவி கிண்டல் செய்வாள். வருகிறவர்கள் வாசலிலேயே நின்று தரையைப் பார்ப்பார்கள். எனக்கு அது போதும்.

அம்மா போன பிறகு நைனாவை எங்கள் ஊர் தொண்டூரிலிருந்து அழைத்து வந்துவிட்டோம். எழுபது தாண்டிவிட்டது அவருக்கு. கட்டில் வாசல் பக்கம். கக்கூஸ் பின்கட்டில். நடுவில் அந்தப் பளபளக்கும் கூடம்.

கொஞ்ச நாளில் அவருடைய வேட்டியின் பின்பக்கம் சிவப்புக் கறை வர ஆரம்பித்தது. தினமும் துவைத்து மனைவிக்கு அலுத்துப் போய்விட்டது. செம்மண்ணில் உட்கார்ந்து சீட்டாடுகிற கும்பலோடு சேர்ந்துவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். விசாரிக்கவெல்லாம் இல்லை. இந்த வயதில் இது தேவையா என்று சத்தம் போட்டேன். அன்றிலிருந்து அவர் சாயங்கால டீயை வேண்டாம் என்றார். தண்ணீர்கூட அளந்துதான் குடித்தார். திட்டியதற்கு வீம்பு பிடிக்கிறார் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இப்படியே எட்டு மாதம் போனது. ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். மறந்து வைத்த ஃபைலை எடுக்க ஆபீசிலிருந்து சைக்கிளில் வந்தேன். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கதவைத் தள்ளினேன்.

நைனா கூடத்தின் நடுவில் தரையில் இருந்தார். விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் விழவில்லை. இரண்டு பக்கமும் கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பதறி எழப் பார்த்தார். கால் சர்ரென்று வழுக்கியது. பாய்ந்து போய்ப் பிடித்தேன். எனக்கும் வழுக்கி, இரண்டு பேருமாகச் சரிந்து உட்கார்ந்தோம். என் முட்டியில்தான் அடி. அவர் இடுப்பு தப்பியது.

“இன்னா நைனா இது?” என்றேன்.

“ரெண்டு வாட்டி வுழுந்துட்டேன்பா. மூணாவது வாட்டி வுழுந்து இடுப்பு போச்சின்னா, உங்களுக்குத்தான கஷ்டம்?”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ ஆசையா தேச்சி வச்சிருக்க. அது வழுக்குதுன்னு நான் எப்படி சொல்றது?”

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் வீட்டில் இருக்கும்போது சுவரைப் பிடித்து மெல்ல நடப்பார். முடியாத அன்று, நாங்கள் கிளம்பும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். அடிக்கடி போகவேண்டி வரக்கூடாது என்றுதான் டீயையும் தண்ணீரையும் குறைத்தார். சீட்டுக் கும்பலை அவர் பார்த்ததுகூட இல்லை. அன்று நான் ஆபீசுக்குத் திரும்பிப் போகவில்லை.

அடுப்புச் சாம்பலும் சீயக்காயும் போட்டு நானும் மனைவியும் எண்ணெயை எடுத்தோம். அப்படியும் வழவழப்பு முழுதாகப் போகவில்லை. மறுநாள் தெருவில் அம்மி கொத்துகிற அம்மா கூவிக்கொண்டு வந்தார். அவரை உள்ளே கூப்பிட்டு, கட்டிலிலிருந்து பின்வாசல் வரை தரையைக் கொத்தித் தரச் சொன்னேன். புத்தி கெட்டவனா என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, அம்மிக்குப் போடுவதுபோலவே புள்ளி புள்ளியாகக் கொத்தினார். சுவரில் ஒரு இரும்புப் பைப்பையும் கைப்பிடியாகப் பதித்தோம். சாயங்காலம் நைனா முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்தார். அப்புறம் பைப்பைப் பிடித்தபடி பின்வாசல் வரை நடந்தார்.

நைனா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. எட்டு மாதம் எனக்குத் தெரியாமல், நான் கட்டிய வீட்டில் நடக்கவே பயந்து அவர் தரையோடு தரையாக நகர்ந்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.