அரியர் பேப்பரும் வீம்பும்

என்னால் ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்க முடியாது. புத்தகத்தைத் திறந்த பிறகுதான் தாகம் எடுக்கும், நகம் வெட்டத் தோன்றும், மின்விசிறி கிறீச்சிடுவது காதில் விழும். அதனால் ஸ்டடி லீவு முழுவதும் ஒத்தக்கடை வீட்டு மொட்டை மாடியில் நடந்து நடந்தே இயற்பியலை விழுங்கினேன். கடைசி செமஸ்டரில் வெப்ப இயக்கவியல் அரியராகக் கிடந்தது. எனக்கும் என் தோழிக்கும் அதே பேப்பர்தான். அதை முடித்தால்தான் இருவரும் பசுமலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர முடியும்.

பள்ளியில் இருவரும் தமிழ் மீடியம். கல்லூரியில் வீம்புக்கு இங்கிலீஷ் மீடியம் எடுத்தோம். தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று விதி இருந்தது. ஆனால் எங்கள் வகுப்பில் ஒருத்தியும் எழுதியதில்லை, எழுதினால் மானம் போய்விடுமாம். ஆகவே ஆங்கிலப் பத்திகளைக் கமா, முற்றுப்புள்ளியோடு நெட்டுரு போட்டோம். நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் அங்கேயே நின்றுவிடும்.

தேர்வுக்குச் சில நாள் முன்பு டவுன் பஸ்ஸில் நசுங்கி நின்றபோது அவள் கேட்டாள்.

"என்ட்ரோபி மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குதுடி. அப்படின்னா என்னதான்?"

எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இந்தா, இம்புட்டுப் பேரும் ஒரே எடத்துல அடைஞ்சு நிக்கிறோமா? சிம்மக்கல்ல எறங்குனா ஆளுக்கொரு பக்கமா செதறிப் போயிருவோம். திரும்ப அதே எடத்துல தானா வந்து நிப்போமா?"

"எங்கிட்டு நிக்கிறது!"

"அதான்டி என்ட்ரோபி. செதறுறது தானா நடக்கும், சேருறது நடக்காது."

அவள் சத்தமாகச் சிரித்தாள். இறங்கும்வரை அதையே எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள், என்னைவிட நன்றாகவே.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருப்பேன், அடுத்த சொல் காணாமல் போயிற்று. பெஞ்சுக்கு அடியில் கால் நிற்காமல் ஆடியது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், பேனா மூடியைக் கடித்தேன். கடைசியில் எழுதியதை அடித்துவிட்டு, மானமாவது மண்ணாவது என்று முழுதும் தமிழில் எழுதினேன். அழுகை வந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

நான் தேறினேன். அவள் தேறவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று, "என்ட்ரோபிய எழுதலயா? உனக்குத்தான் நல்லாத் தெரியுமேடி" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு கோபம்.

"பாதியில மறந்துபோச்சு" என்றாள்.

"நான் தமிழ்லதான்டி எழுதுனேன்."

அவள் என்னையே பார்த்தாள். "எனக்கும் தமிழ்ல முழுசாத் தெரிஞ்சுச்சுடி. ஆனா நீ இங்கிலீஷ்லதான் எழுதுவேன்னு நெனச்சேன்."