டிரையரில் காய்ந்த கிட்டார்

யாராவது கிட்டாரை வெயிலில் சாய்த்து வைத்திருந்தால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். காரணம் என் அப்பா.

அப்போது குன்னூரில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். பள்ளியில் பெரிய வகுப்பு அண்ணன்கள் நான்கு பேர் ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். அதில் கிட்டாருக்கு ஆள் வேண்டியிருந்தது. பழைய ராக் பாட்டுகள் மூன்றின் தொடக்கத்தை வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். முழுப் பாட்டு வேண்டாம். இருபது விநாடிக்குள் இன்ன பாட்டு என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மாமா கோவையிலிருந்து கொடுத்தனுப்பிய பழைய கிட்டாரும் அம்மாவின் செல்போனும் இருந்தன. வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு இருபது விநாடி வாசிப்பேன். நிறுத்துவேன். முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மூன்று வாரத்தில் விரல் நுனித் தோல் உரிந்துவிட்டது.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் தூளைச் சூட்டில் காயவைக்கும் டிரையரைப் பார்ப்பவர். தூளைச் சிட்டிகை எடுத்துத் தேய்த்தே ஈரம் சொல்லிவிடுவார் என்று பெயர். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் டீ டம்ளரோடு என் எதிரே உட்காருவார். நான் ஆரம்பித்தால் நிமிர்வார். நிறுத்தினால் டம்ளரைப் பார்ப்பார். என் வாசிப்பு பிடிக்கவில்லை, அதைச் சொல்லாமல் உட்கார்ந்து உயிரை எடுக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வேற சோலி இல்லீங்களாப்பா?"

எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தால் கிட்டாரைக் காணோம். அப்பா ஃபேக்டரிக்கு எடுத்துப் போயிருப்பதாக அம்மா சொன்னார். பத்து நாளாக மழை, மூட்டம். கொடியில் போட்ட துணியே காயவில்லை. சாயங்காலம் அப்பா சாக்கில் சுற்றிய கிட்டாரோடு வந்தார். காலையிலிருந்து அதை டிரையரை ஒட்டி வைத்திருந்தாராம். சூட்டில் பசை இளகி, கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை பெயர்ந்து, ஆறு கம்பியும் தொங்கின.

"உன்னை யாரு இதைத் தொடச் சொன்னது?"

எங்கள் வீட்டில் அப்பாவை யாரும் ஒருமையில் பேசியதில்லை. அம்மா கை ஓங்கினார். அப்பாதான் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"ஈரம் புடிச்சிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன் கண்ணு. நானும் மூணு வாரமாப் பாக்கறேன், பாட்டு வர்றதுக்குள்ளயே நின்னு நின்னு போகுது."

எனக்கு வெறி இன்னும் ஏறியது. இது கிட்டாரா, தேயிலையா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். மறுநாள் வெறுங்கையோடு போய் நின்றேன். வேறொருவன் வாசித்துச் சேர்ந்துகொண்டான். அப்பாவோடு இரண்டு மாதம் பேசவில்லை. அவர் கட்டையை ஒட்டவைத்து, துடைத்துக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது கல்லூரி விடுதியில் பாட்டுகளைக் கடைசி வரை வாசிக்கிறேன். இன்னும் கோபம் வருகிறது, அந்தச் சூட்டின் மேல், அந்த மழையின் மேல், அதைவிட அதிகமாக என் வாயின் மேல். நான் வேண்டுமென்றேதான் நிறுத்துகிறேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் ஷூவைக்கூடக் கழற்றாமல், டீயை ஆறவிட்டு, பாட்டு இப்போது வந்துவிடும் என்றுதான் அவர் காத்திருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.