எங்கள் அண்ணன் எதற்குப் பயந்தார்

அண்ணன் மறைந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் அண்ணியிடம் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "பயம்னா இன்னான்னே தெரியாத மனுஷன்மா." அண்ணி தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுத்துச் சொல்லும் இடம் அதுவல்ல. ஓராண்டு நிறைவுக்கு இந்த நினைவு மலரை அச்சிடுவது என்று முடிவாகி, என்னை எழுதச் சொன்னபோது, முதலில் இதைத்தான் திருத்த வேண்டும் என்று தோன்றியது. எங்கள் அண்ணன் பயப்படுகிறவர். பந்தயத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் பயந்தவர். அவரோடு சேர்ந்து நாங்களும் பயந்தோம். அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாருடைய வாழ்க்கையோ ஆகிவிடும்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குச் சிறு வயது முதல் உண்டு. அதனால் நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொன்னதைச் சொன்னதாகவும் பிரித்தே இங்கே எழுதுகிறேன்.

தண்டலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், இரண்டு பிள்ளைகளில் மூத்தவராக அண்ணன் பிறந்தார். இளையவன் நான். எங்கள் தந்தையார் பயிர் வைத்தது போதாமல் லாரி ஓட்டப் போனவர். பெங்களூர்ச் சாலையில் சரக்கு ஏற்றிப் போய்வருவார். அண்ணன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு மார்கழி விடியலில், தண்டலத்துக்குச் சற்று மேற்கே டயர் பஞ்சராகித் தந்தையாரின் லாரி சாலையிலேயே நின்றுவிட்டது. லாரி நின்றுபோனால், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய மரக்கிளையை ஒடித்துச் சாலையில் போடுவது வழக்கம். கிளீனர் தழையை ஒடித்துப் போட்டிருக்கிறார். தந்தையார் குனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பனிக்குள் பின்னாலிருந்து வந்த வேறொரு லாரி மோதியது.

இதுவரை பிறர் சொன்னது. அடுத்தது நான் கண்டது. சேதி வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடினார். பெரியவர்கள் லாரியைச் சூழ்ந்து நின்றார்கள். எங்களை அருகில் விடவில்லை. அண்ணன் சாலையில் பின்பக்கமாக நடந்து, தழை கிடந்த இடத்தைத் தேடினார். அதிகம் நடக்க வேண்டியிருக்கவில்லை. தழை நசுங்கி, தாருடன் ஒட்டிக் கிடந்தது. லாரிக்கு அவ்வளவு கிட்டத்தில் கிடந்த தழையைப் பார்த்துவிட்டு யாராலும் வண்டியை நிறுத்தியிருக்க முடியாது. கிளீனர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரிடம் போய், "ஏண்ணா இவ்ளோ கிட்ட போட்ட?" என்று கேட்டார். "பனியில எட்ட போவ பயமா இருந்துச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

அண்ணனின் பயம் அன்று வந்தது. வேகத்தைக் கண்டு அவர் பயந்ததே இல்லை. நின்றுபோன வண்டியைக் கண்டால்தான் பயம். பேருந்து வழியில் பழுதாகி நின்றால், கண்டக்டர் சொல்லும் முன்பே எல்லோரையும் இறக்கிப் பள்ளத்தில் நிறுத்திவிடுவார். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பெண்வீட்டாரையே அப்படி முள்ளுக்குள் இறக்கிவிட்டு, பட்டுப்புடவை கிழிந்ததற்குத் திட்டு வாங்கியதை அண்ணி இப்போதும் சொல்வார்.

தந்தையார் போனபின் அண்ணன் படிப்பை நிறுத்தி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெக்கானிக் கடையில் சேர்ந்தார். பிறகு சென்னையில் ஒரு பட்டறை. அந்த முதலாளிக்குப் பந்தயத்தில் பித்து. அங்கேதான் கார்ட் எனப்படும் குட்டி வண்டியை அண்ணன் முதன்முதலில் பார்த்தார். தண்ணீர்க் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டம், நான்கு சிறு சக்கரங்கள், பின்னால் ஒரு ஸ்கூட்டர் இன்ஜின், அவ்வளவுதான். ஸ்பிரிங் கிடையாது. காலை நீட்டி, ஏறக்குறையத் தரையோடு தரையாக உட்கார வேண்டும்.

கழித்துப்போட்ட சாமான்களைக் கொண்டு தனக்கென்று ஒன்றைச் செய்து, கோடையில் எங்கள் ஏரி வற்றியதும் அங்கே ஓட்டிப் பழகினார். சித்தப்பா, அதாவது தந்தையாரின் தம்பி, கரைமேல் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடா, பாடைக்குச் சக்கரம் வெச்சிக்கினியா? நாலு பேரு தோள் மிச்சம்" என்றார். ஊரே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். தாயார் சிரிக்கவில்லை. ஏரிப் பக்கம் அவர் வந்ததே இல்லை. வீட்டில் வேலை பார்த்தபடி இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். சத்தம் இருந்தால் பிள்ளை இருக்கிறான் என்று கணக்கு. சத்தம் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். செயின் அறுந்ததோ, பெட்ரோல் தீர்ந்ததோ, அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கரையேறுவது தெரிந்த பிறகுதான் உள்ளே போவார்.

சென்னையில் நடந்த கார்ட் பந்தயங்களில் அண்ணன் வரிசையாக முதலில் வந்தார். முதலாளி தம்முடைய காரைக் கொடுத்தார். அதிலும் ஜெயித்தபின், ஒற்றை இருக்கையும் வெளியே தெரியும் சக்கரங்களும் கொண்ட பந்தயக் கார் கிடைத்தது. நம் நாட்டில் அதற்குமேல் வகுப்பு கிடையாது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில், ராஜா வீட்டுப் பிள்ளைகளும் மில் முதலாளிகளும் ஓட்டிய வரிசையில், மேல்சட்டைப் பையில் ஸ்பானரோடு எங்கள் அண்ணனும் நின்றார்.

அப்போது எனக்கு நில அளவைத் துறையில் வேலை கிடைத்திருந்தது. ஒருநாள் அண்ணன் என்னை ஓடுதளத்துக்கு அழைத்துப் போய் நடக்கவைத்தார். ஒரு வளைவில் நின்றார். தார் பீப்பாய்களும் வைக்கோல் கட்டுகளும் வைத்து வளைவைக் குறித்திருந்தார்கள். வெளிப்புறம் முழுவதும் செம்புழுதி. இங்கே ஒரு கார் சுழன்றால் எழும் புழுதியில் பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது என்றார்.

"நீ சர்வேயர். கொடி நடறதுதான் உன் பொழப்பே. இங்க வந்து நில்லு."

வளைவுகளில் கொடியோடு நிற்பவர்களை மார்ஷல் என்பார்கள். சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு. முன்னால் ஆபத்து என்றால் மஞ்சள் கொடியை அசைக்க வேண்டும். என்னைவிடத் தெரிந்தவர்கள் இருப்பார்களே என்றேன். அண்ணன் தம் கையை நீட்டினார். "தொட்டுப் பாரு, எப்பிடிச் சில்லுனு கீது. வேற எவன் நின்னாலும் எனக்கு இப்பிடித்தான் இருக்கும்."

கொடிக்காரர் நிற்கும் இடம் வளைவுக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது என்று ஏற்பாட்டாளர்களிடம் மன்றாடி, அதைக் கார்கள் வரும் பக்கமாக எட்டத் தள்ளி வைக்கச் செய்ததும் அவர்தான். பயிற்சியில் எனக்கு ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விபத்து நடந்தால் தூக்குவதற்கு வேறு ஆட்கள் ஓடுவார்கள். கொடிக்காரர் விபத்துக்கு முதுகைக் காட்டி, வருகிற கார்களைப் பார்த்தே நிற்க வேண்டும். திரும்பக் கூடாது.

அந்த விதி எனக்குத் தேவைப்பட்ட நாள், நான் கொடி பிடித்த மூன்றாம் ஆண்டில் வந்தது. சித்தப்பாவும் ஊர்க்காரர்கள் சிலரும் லாரி பிடித்துப் பார்க்க வந்திருந்தார்கள். தாயார் வரவில்லை. அண்ணன் காலையில் எதுவும் உண்ணவில்லை. உடுப்பை மாட்டும் முன் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். அதுவும் வழக்கம்தான். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பந்தயத்தின் பாதியில் அண்ணன் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். முதலில் போனவர் கோயம்புத்தூர்க்காரர். அவர் என்னைக் கடந்து வளைவைத் தாண்டிப் போய்விட்டார். அண்ணன் வளைவில் நுழையும்போது, ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த காரின் சக்கரம் அவருடைய சக்கரத்தில் பட்டது. அவருடைய கார் மேலே எழும்பியதைக் கண்டேன். கவிழ்ந்ததைக் காணவில்லை. அதற்குள் புழுதி மூடிவிட்டது. கவிழ்ந்த சத்தத்தைக் கேட்டேன். அது மண்ணில் விழுந்த சத்தமில்லை. தாரில் விழுந்த சத்தம். அண்ணன் ஓடுதளத்தின் நடுவிலேயே கிடக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

நான் திரும்பி நின்றேன். அவர் பக்கம் முதுகு. கொடியை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தேன்.

மூன்றாவது கார் வந்தது. ஓட்டுநருடைய தலை என் பக்கம் திரும்பியது. வேகம் குறைந்தது. புழுதிக்குள் போயிற்று. மோதும் சத்தம் வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை. அடுத்தது வந்தது. அதன் பின்னாலேயே இரண்டு சேர்ந்து வந்தன. ஒவ்வொன்றும் என்னைக் கடந்து புழுதிக்குள் மறைந்தபின், அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பெட்ரோல் நாற்றம் வந்தது. பின்னால் ஓடுகிற காலடிகளும், யாரோ மணல் கேட்பதும் கேட்டன. அண்ணனின் குரல் மட்டும் இல்லை. முதலில் போனவர் அடுத்த சுற்று முடித்து வந்துவிடுவார் என்பதும் தெரிந்தது. அவருக்கு எதிரே நேர்ப்பாதை. இருப்பதிலேயே அதிக வேகத்தில் வருவார்.

ஒரே ஒருமுறை என் தலை திரும்ப முயன்றது. அப்போதுதான் அண்ணனின் குரல் கேட்டது. காருக்கு அடியிலிருந்து வந்தது. உரத்த குரலில்லை; கார்கள் கடந்திருந்த இடைவெளியில் வந்தது.

"டேய் தம்பி, திரும்பாதடா. ஆட்டிக்கினே இரு."

கோயம்புத்தூர்க்காரர் நேர்ப்பாதையில் வந்தார். கொடியைக் கண்டதும் அவருடைய காரின் மூக்கு தாழ்ந்தது. டயர்கள் கதறின. எனக்கு எதிரே வந்தபோது அவர் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனார். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்திய பிறகுதான் என் கையைக் கீழே இறக்கினார்கள். அதை நானாக இறக்கவில்லை.

அண்ணனுக்குத் தொடை எலும்பும் காறை எலும்பும் முறிந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் எங்களுக்கு முன்னால் சித்தப்பா ஊருக்குப் போய்விட்டார். கூடப்பிறந்தவன் கவிழ்ந்து கிடக்கும்போது இவன் முதுகைக் காட்டிக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தான் என்று அவர் கண்டதைச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நின்றேன். மறுநாள் மருத்துவமனையில் அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே, என் முகத்துக்கு நேராகவும் அதையே சொன்னார்.

அண்ணன் படுத்தபடியே பதில் சொன்னார். "இவன் என்னைத் தூக்க ஓடியாந்திருந்தா, நீ இங்க குந்திக்கினு ஆரஞ்சு உரிச்சிக்கினு இருக்க மாட்ட சித்தப்பா. நாலு பேரு தோளுக்கு ஆள் தேடிக்கினு இருந்திருப்ப."

சித்தப்பா முதல் சுளையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

தாயார் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். என் முகத்தையே பார்த்து, "எட்டத்தான் நின்னியாடா? வண்டிக்கு எட்ட?" என்று கேட்டார்.

"எட்டத்தாம்மா நின்னேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

எழுந்து நடமாடியதும் அண்ணன் பந்தயத்தை விடுவார் என்று எல்லோரும் நம்பினோம். அவர் விடவில்லை. அதற்குள் கல்யாணமாகி வந்திருந்த அண்ணி ஏன் என்று கேட்டதற்கு, பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது, இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் போடத் தெரியவில்லை என்றாராம். அதே வகுப்பில் பலமுறை ஜெயித்தார். இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போய் ஓட்டினார். அங்கே கொடியோடு நான் இல்லை. சேதி வரும்வரை வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் தாமாகவே நிறுத்திக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூரில் சாலையோரமாகப் பட்டறை வைத்தார். பழுதாகி நின்ற லாரிகளுக்கு முதலில் பின்னால் எட்டத்தில் கொடியோடு ஓர் ஆளை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் ஸ்பானரைத் தொடுவார்.

சிறுநீரகம் பழுதானபின் கடைசி மாதங்கள் சென்னை மருத்துவமனையில் கழிந்தன. ஒருநாள் பிற்பகல் என்னிடம், "பயமா கீதுடா" என்றார். கை சில்லென்றிருந்தது. ஓடுதளத்தில் பயந்தபோது எங்கள் இருவருக்கும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. மருத்துவமனையில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். "சரி, குந்து" என்றார். உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் காலையில், அண்ணியும் பிள்ளைகளும் நானும் அருகிருக்க அண்ணனின் மூச்சு அடங்கியது.

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கேட்காமலே வந்து ரத்தம் கொடுத்த பட்டறைப் பையன்களுக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், எல்லா ஏற்பாட்டையும் முன்நின்று செய்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. இறுதிச் சடங்கன்று கோயம்புத்தூரிலிருந்து தலை நரைத்த ஒருவர் வந்து, மாலை வைத்துவிட்டு ஓரமாக நின்றார். அன்று முதலில் போய்க்கொண்டிருந்தவர் அவர்தான். வேகத்தைக் குறைக்காமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அவருக்குக் கைகூப்பினேன். அவர் கூச்சப்பட்டார்.

"அதெல்லாம் பெருசா ஒண்ணும் இல்லீங்க. நீங்க கொடி ஆட்டுன ஆட்டத்தைப் பாத்துப் பயந்துட்டனுங்க. தானா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன்."

அந்த விபத்துக்குப் பின் எங்கள் அண்ணன் பதினேழு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். தாயாரைத் தம் கையால் வழியனுப்பினார். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியாமல் அன்று அந்த வளைவில் பயந்து காலை எடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.