மெல்லத் தொட்டாலும் கேட்கிற மிஷின்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாக மனதுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கிட்டாரில் எந்தக் கம்பிக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாது. போதாததற்கு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணன் வாக்கு வாங்கியிருந்தான். ஆனால் போன மாதம் தக்கலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "நீ அந்தக் குடிகாரக் கிட்டார்காரனுக்க தங்கச்சி தானே?" என்று கேட்டாள். இறங்கவேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து, அலமாரியிலிருந்து அண்ணனின் கறுப்பு மிஷினை எடுத்துத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்தாற்போல் இருக்கும் அது. காலால் மிதிக்கப் பொத்தான்கள், திருக நாலைந்து குமிழ்கள், ஒரு சின்னத் திரை. பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் எழுப்பும் ஓசையையெல்லாம் இது கம்ப்யூட்டர் கணக்காக உள்ளே வைத்திருக்கிறது, கிட்டாரைச் செருகினால் அப்படியே எழுப்பும் என்பான். மஸ்கட்டில் ஏசி வேலை பார்த்துத் திரும்பியபோது வாங்கி வந்தது. அதன் முன் உட்கார்ந்தால் திருகுவான், வாசிப்பான், முகம் சுளிப்பான், மறுபடி திருகுவான். "கெட்டுனவளுக்க மொகத்த ஒருநாளாவது இப்பிடிப் பாத்ததுண்டா?" என்று அவன் மனைவி, என் மைனி, கேட்பாள். "ஒனக்குத் திருக ஒண்ணும் இல்லியே" என்பான் அவன்.

ஞாயிறு ஆராதனையில் அண்ணன் கிட்டார் வாசிக்கும் எங்கள் சபைக் கோவிலின் வயரிங் பழையது. கிட்டாரைச் செருகியதுமே ஸ்பீக்கரில் வண்டு இரைவதுபோல ஒரு சத்தம் வரும். கிட்டார் ஓய்கிற இடத்திலெல்லாம், பாட்டுக்கு நடுவே போதகர் ஜெபிக்கும்போதும், அது கேட்கும். ஒவ்வொரு தடவையும் காலால் மிதித்து அடைக்கவும் முடியாது. யாரும் குறை சொல்லவில்லை. அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆண்டவருக்க முன்னால நான் இரையப்பிடாது பிள்ளே" என்றான். அந்த மிஷினில் நாய்ஸ் கேட் என்று ஒன்று உண்டு. கதவு மாதிரி. பலத்த சத்தத்தை வெளியே விடும், சின்னச் சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி அடைத்துவிடும். அதை நன்றாகக் கூட்டி வைத்தான். அதன்பிறகு வண்டுச் சத்தமே இல்லை.

அப்புறம்தான் அவன் வலது கை தளர ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட மைனியின் முன்னால் போய் நிற்பான். எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்த வருஷம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையின் மாலை ஆராதனையில், கோவில் நிறையத் தோவாளைச் சந்தைப் பூ, எல்லாரும் எழுந்து நின்று பாடுகிறார்கள், கிட்டார் மட்டும் விட்டு விட்டு வந்தது. அவன் விரல் அசைகிறது, சத்தம் இல்லை. கை நடுங்க, முகமெல்லாம் வேர்வை. "ஊத்திட்டு வந்திருக்கான்" என்று எனக்குப் பின்பெஞ்சில் ஒருவர் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் வேறொருவர் கிட்டாரோடு நின்றார்.

"கதவு எனக்க கையையும் இரைச்சல்னு நெனச்சிட்டு ஏட்டி" என்றான் அண்ணன்.

"அப்ப அதக் கொறச்சு வையேன்."

"கொறச்சா ஜெபத்துல வண்டு இரையும்."

"கை விஷயத்தையாவது சொல்லுண்ணா. குடிச்சிட்டு வந்தான்னுல்லா சொல்லுகாவ!"

சிரித்தான். "சொல்லட்டு. குடிகாரன்னா, மனந்திரும்பிட்டான்னு ஒருநாள் கூப்பிடுவாவ. கை போனவன யாரு கூப்பிடுவா? நான் இருக்கது வரைக்கும் நீ வாயத் தெறக்கப்பிடாது."

பிறகு அவனுக்கு ஒரே காத்திருப்பு. புது மிஷின் வரும், அதில் எல்லாம் சரியாகும். எங்கெங்கோ உள்ள கிட்டார்காரர்கள் அடுத்த மிஷின் எப்படி இருக்கவேண்டும் என்று பேசும் வீடியோக்களை போனில் பார்த்துக்கொண்டே இருப்பான். எடை குறையவேண்டும் என்பார் ஒருவர், போட்டவுடன் வேலை செய்யவேண்டும் என்பார் இன்னொருவர். ஒருநாள் இவனும் ஒரு வீடியோவுக்குக் கீழே இடதுகை விரலால் தட்டித் தட்டி எழுதினான்: 'இரைச்சலுக்கும் மெல்லத் தொடுகிற கைக்கும் வித்தியாசம் தெரிகிற மிஷின் வேண்டும்.' பதில் வந்ததா என்று தினமும் திறந்து பார்ப்பான். வரவில்லை. நான் ஜெபிக்க முழங்கால் போட்டால், "கைக்கு ஜெபிச்சது போதும். கம்பெனிக்காரனுக்கு நல்ல புத்தி குடுக்கச் சொல்லு" என்பான். அதற்கும் ஜெபித்தேன். அப்படிக் காத்திருக்கும்போதே கர்த்தர் அவனை எடுத்துக்கொண்டார். மைனி மிஷினை என்னிடம் தந்தாள்.

பஸ்ஸில் அந்தப் பேச்சைக் கேட்டபிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மைனியிடம் கேட்டேன். "சொல்லு. அவுக இல்ல, இனி யாருக்குப் பயம்?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அண்ணன் இடத்தில் இப்போது வாசிக்கிறவரிடம் மிஷினைக் கொண்டுபோனேன். அவர் திரையைப் பார்த்தார்.

"என்னக்கா, இவ்வளவு கூட்டி வச்சிருக்கு? நல்ல பலமா அடிச்சாத்தானே சத்தம் வெளிய வரும்."

கிட்டாரைச் செருகி மெல்லத் தொட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கதவைக் குறைத்தார். பழைய வண்டு இரைந்தது. அதற்குள்ளே, ஆமாம், கம்பியின் சத்தமும் இருந்தது. நான் கையின் கதையைச் சொன்னேன். அவர் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தார். "நானும் அன்னைக்குக் குடின்னுதான் நெனச்சேன்க்கா" என்றார். அவருடைய புது மிஷினில் மெல்லிய வாசிப்பு கொஞ்சம் கூடுதலாகக் கேட்குமாம். "ஆனா அண்ணன் கேட்டது இன்னும் வரல்ல. இதக் கொறச்சே வச்சிரட்டா?"

வேண்டாம், அண்ணன் வைத்திருந்தபடியே திருப்பி வையுங்கள் என்றேன்.

இப்போதும் சில நாள் அதை அலமாரியிலிருந்து எடுத்து, பிளக்கைச் செருகிப் பார்க்கிறேன். திரையில் வெளிச்சம் வருகிறது. சத்தம் இல்லை. துடைத்து உள்ளே வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரிடமாவது இதைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அவனைப் பரிசுத்தவான் ஆக்கவேண்டாம், மிஷின்மேல் பழி போடவும் வேண்டாம். கை தளர்ந்தது. ஜெபத்தில் இரையக் கூடாதென்பதால் அவன் கதவைக் குறைக்காமலே விட்டான். அன்று அவன் குடித்திருக்கவில்லை. இதில் ஒன்றையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள்.