அப்பாவின் நாற்காலியும் கிளெனின் குப்பைத்தொட்டியும்

கிளென் ஓட்டிங்கர் என் அம்மாவின் இரண்டாவது கணவர். பிட்ஸ்பர்க்கில் நகரப் பேருந்து ஓட்டுகிறார். பனி விழுந்த காலையில்கூட, முன் இருக்கைக் கிழவியின் கையிலிருக்கும் காபி சிந்தாமல் மேட்டுத் தெருவில் பேருந்தை நிறுத்துவார் என்று பெயர். வீட்டில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் உள்ள ஒரே கோணல், என் அப்பாமேல் அவருக்கு இருக்கும் பொறாமை. அப்பா இறந்து வருடங்கள் ஆகின்றன.

இறந்தவர்மேல் படுவதற்குப் பெயர் பொறாமைதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில், வீட்டைச் சூடாக்கும் பாய்லர்களில் அப்பா கை வைக்காதது கிடையாது. குளிர் தொடங்கி ஏதாவது ஒரு வீட்டில் குழாய் முனகினால் போதும், "ரூடி இருந்தா..." என்று அப்பாவின் பெயரைச் சொல்லி ஆரம்பித்துவிடுவார்கள். கிளென் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். பிறகு வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருக்கும் தட்டுகளை மறுபடியும் கழுவுவார்.

எல்லாவற்றையும்விட அவரை உறுத்தியது நிலவறைதான். கல்யாணமான புதிதில் அம்மாவுக்காக அப்பா அங்கே ஓக் மரத்தில் ஒரு பார் மேடை கட்டினார். பின்னால் கண்ணாடி, முன்னால் உயர முக்காலிகள். இந்தத் தெருவின் எல்லா நிலவறைகளிலும் இருப்பதுபோல, சற்றுத் தள்ளி, சுவரும் கதவும் இல்லாமல் ஒரு கழிப்பறைப் பீங்கான் தனியாக நிற்கும். தெருவே அங்கே கூடிக் குடித்திருக்கிறது. கிளென் ஒருநாளும் அந்த மேடையில் கை ஊன்றியதில்லை. துணி துவைக்க மட்டும் இறங்குவார்.

இந்த வசந்தத்தில் நிலவறைச் சுவரில் நீர் கசிந்தது. பூச்சு வேலைக்காரர்கள் எல்லாவற்றையும் காலி செய்யச் சொன்னார்கள். அன்றைக்கே கிளென் வாடகைக் குப்பைத்தொட்டிக்குச் சொல்லிவிட்டார். லாரி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும், ஓர் அறை அளவுக்கு இருக்கும் இரும்புத் தொட்டி.

"அந்த மேடை?" என்று அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தொட்டி வரட்டும் மொதல்ல," என்றாள் அம்மா.

அந்தப் பதில் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது. மேடை இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டால், மிச்ச வாழ்நாளுக்கும் தான் இந்த வீட்டில் வாடகைக்காரன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனாலும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போல ஏற்பாடு செய்தார். தெருவில் தொட்டி வைப்பதற்கான நகராட்சி அனுமதிச் சீட்டைக் கம்பத்தில் ஒட்டினார். தொட்டியின் சக்கரம் தெருவைக் கீறாமலிருக்கத் தடித்த பலகைகள் வாங்கினார். படிக்கட்டில் பழைய கம்பளம் விரித்தார், கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்தார். லாரியின் தூக்குக்கையில் இடிக்கும் என்று மேப்பிள் கிளையை அறுத்தார். நான் ஏணியைப் பிடித்தேன்.

"நீ என்ன நினைக்கிற?" என்று மேலிருந்து கேட்டார்.

"எதைப் பத்தி?"

"ரூடியோட மேடையப் பத்தி."

"தெரியல, கிளென்."

உண்மையிலேயே தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்து வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் தெரிகிறது. ஒரு பக்கத்தில் போய் நிற்கத்தான் முடிவதில்லை.

அன்று மாலை, எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த யாருடையதோ கார் கிளம்பியதும், அந்த இடத்தைப் பிடித்துவைக்கப் புத்தம்புது மடக்கு நாற்காலிகள் இரண்டைத் தெருவில் போட்டார். நாற்காலி போட்ட இடத்தில் வேறு யாரும் காரை நிறுத்தக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். பிறகு நிலவறையிலிருந்து, தெருவுக்கே தெரிந்த அப்பாவின் கிழிந்த சிவப்பு நாற்காலியைத் தூக்கிவந்து, முதலில் தொட்டிக்குள் போக வேண்டியது என்று, சற்றுத் தள்ளித் தெருவோரமாக வைத்தார். அதைத் தூக்கியபோது மட்டும் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

காலையில் பார்த்தால், மடக்கு நாற்காலிகள் நடைபாதையில் அழகாகச் சாய்ந்து நின்றன. அவை இருந்த இடத்தில் ஒரு நீலக் கார். எதிர்வீட்டு ஜெரால்டினின் மருமகனுடையது. கிளென் போய்க் கதவைத் தட்டினார்.

"அதுவா கண்ணு? யாரோ பந்தாட்டம் பாக்கப் போறவங்க மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனைச்சோம்," என்றாள் ஜெரால்டின். "இடம் பிடிக்கிற நாற்காலின்னா சமையல்கட்டுல கிடந்து கிழிஞ்சதா இருக்கணும். கப் வைக்க ஓட்டையெல்லாம் வச்ச நாற்காலிய எவன் மதிப்பான்?"

"காரை எடுக்கச் சொல்லுங்க. லாரி வந்துக்கிட்டிருக்கு."

"அவன் பஸ் ஏறிப் போயிட்டானே. சாவியும் அவன்கிட்ட." அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். "ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரன் நீ. அங்க எல்லாருக்கும் வீட்டோட கார் விட இடம் இருக்கும், உனக்கு எங்க தெரியப்போவுது. ரூடியோடதப் பாரு. ஒரு பய தொட்டிருக்கானா?"

பார்த்தோம். தெரு முழுக்கக் கார்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. சிவப்பு நாற்காலிக்கு இரண்டு பக்கமும் மட்டும் லாரி நுழையும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. குப்பை என்று வைத்ததைத் தெரு காவல் என்று எடுத்துக்கொண்டிருந்தது. கிளெனின் காது சிவந்தது.

லாரி பின்பக்கமாக ஏறி வந்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"இந்த நாற்காலி யாரோடது? சொந்தக்காரர் சொல்லாம நான் இறக்க மாட்டேன். நாற்காலிய நகத்தினா இந்தத் தெருவுல டயரக் கிழிச்சிடுவாங்க."

ஜெரால்டின் வாயைத் திறந்தாள். அதற்குள் கிளென் சொல்லிவிட்டார்.

"என்னோடதுதான்."

பலகைகளை அங்கே இழுத்துப் போட்டோம். தொட்டி முனகிக்கொண்டே இறங்கியது. தோற்றவரைப்போல கிளென் நாற்காலியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அப்போது அம்மா கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். கையில் கடப்பாரை. எங்களைக் கேட்கவில்லை. நேரே நிலவறைக்கு இறங்கினாள். நாங்கள் பின்னால் போவதற்குள் கண்ணாடி கழன்றிருந்தது. மேடைப் பலகையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். ஓக் மரம் அலறியது. அவள் முகத்தில், சனிக்கிழமை வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

வருடக்கணக்காக அவர் காத்திருந்த காட்சி இது. ஆனால் கிளென் வெளிறிப்போய் நின்றார்.

"மெதுவா, மார்லீன். ஒரு துண்டாவது வச்சுக்க வேணாமா?"

"எதுக்கு? ஈரம் ஏறிப்போச்சு. பூஞ்சை."

"அவர் உனக்காகக் கட்டினது."

"ஆமா. நல்லா இருந்துச்சு. போதும்."

அவர் மரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அப்பாமேல் விழவில்லை; கிளெனுடைய வருங்காலத்தின்மேல் விழுந்தது என்று எனக்குப் பட்டது.

"அப்போ என்னோட சாமானெல்லாம்?" என்றார் மெல்ல. "நாளைக்கு நான் போயிட்டா?"

அம்மா நிமிர்ந்தாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். பதில் சொல்லப்போகிறாள் என்று நானும் காத்திருந்தேன்.

"போறப்ப பாத்துக்கலாம்," என்றாள். "இப்ப அந்த முனையப் பிடி. தனியா தூக்க முடியல."

கிளென் பிடித்தார்.