சித்தப்பா வீட்டு சீலிங்கில் பதினோரு புள்ளிகள்

அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. சரவணம்பட்டியில் எங்கள் சித்தப்பா வீட்டு ஹால் சீலிங்கில் மூன்று வருடமாக வசித்துவந்த பதினோரு புள்ளிகள், இன்று காலை இரண்டு கோட் வெள்ளை பெயிண்டுக்குக் கீழே அமைதியடைந்தன.

மேலே பார்த்தேன். அப்பாடா என்று இருந்தது. பெயிண்ட் நெடியையும் மீறி மூக்கில் அந்தப் பழைய வாசம்... இஞ்சி, எலுமிச்சை, ஈஸ்ட்.

அப்போது நான் பத்தாவது. இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஈஸ்ட் போட்டு இஞ்சி சோடா செய்வது என் பொறுப்பு என்று அடம்பிடித்திருந்தேன். பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்கள். இரண்டு நாளில் உள்ளே காஸ் ஏறிவிடும். கார்க்கின் மேல் சணலைக் குறுக்காகப் போட்டு, கழுத்தில் இறுக்கி முடிச்சுப் போடாவிட்டால் கார்க் தானாகக் கிளம்பிவிடும்.

வீடியோ பார்த்து இரண்டு முடிச்சு கற்றேன். ஒன்று, கத்தரியால் வெட்டினால்தான் வரும். இன்னொன்று உருவாஞ்சுருக்கு, நுனியை இழுத்தாலே அவிழும்.

பதினொன்றுக்கு முதல் வகை. ஒன்றே ஒன்றுக்கு உருவாஞ்சுருக்கு. அது சித்தப்பா மகன் கார்த்திக்கு. என் சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டவன். காற்றுக்குக் காற்று.

விசேஷத்தன்று அதை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். நம் ஊர் மரியாதையை மறந்துபோனேன்.

"ஏனுங்ண்ணா, நீங்க மொதல்ல குடிங்க." கார்த்தி பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டினான்.

அவர் சித்தியிடம் நீட்டினார். "எனக்கென்னங்க அவசரம், நீங்க எடுத்துக்கோங்க அம்மணி."

"அட வேண்டாங்க, பெரியவருக்குக் குடுக்கலாங்க," என்றார் சித்தி.

கைக்கு ஒரு குலுக்கல்... கடைசியில் பாட்டில் பொள்ளாச்சி மாமாவிடம் போய் நின்றது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பாட்டிலை முகத்துக்கு நேராகப் பிடித்து, சணல் நுனியைத் தேடினார்.

கத்த நினைத்தேன். அதற்குள் நுனி அவர் விரலில் சிக்கிவிட்டது.

இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"ஏன் கண்ணு, சோடாவக் கட்டுனியா, மாட்டக் கட்டுனியா?"

ஓடிப்போய் பாட்டிலைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் மூச்சு வந்தது.

வந்த மூச்சு அதே நொடியில் நின்றது. மற்ற பதினொன்றும் இருந்த ஐஸ் தொட்டியைச் சித்தப்பா தரதரவென்று ஹாலுக்கு இழுத்து வந்தார். நனைந்த சணல் நழுவி... டப். டப். டப். பதினோரு கார்க்கும் நேராக சீலிங்குக்கு. நல்லவேளை, ஒருவர் மேலும் படவில்லை.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். சித்திதான் முதலில் கைதட்டினார்.

"புது ஊட்டுக்கு வேட்டு உட்டுப்போட்டயா கண்ணு? முன்னாலயே சொல்லியிருக்கலாமல்லோ?"

"சர்ப்ரைஸுங்க சித்தி," என்றேன்.

அன்றிலிருந்து இதுதான் என் பெருமை. காலேஜ் ஹாஸ்டல்வரை பரப்பிவிட்டேன்: திட்டமிட்டுப் பதினோரு வேட்டு விட்டவன், மாமாவின் கண்ணுக்காக ஒன்றை மட்டும் இறுக்கிக் கட்டியவன்.

இன்று மாமாவும் வந்திருந்தார். கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். எல்லோருக்கும் ஆளுக்கொரு கேன் கூல்டிரிங்க். அவரவர் திறந்து அவரவர் குடித்தோம். யாரும் யாருக்கும் நீட்டவில்லை... என்னவோ போல் இருந்தது.

புள்ளிகள் மறைந்துவிட்ட தைரியத்தில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு முடிச்சையும் நான் மாற்றிக் கற்றிருந்தேன். அவிழக் கூடாது என்று கட்டிய பதினொன்றும் அவிழ்ந்தன. அவிழட்டும் என்று கட்டியது மட்டும்தான் பிடித்து நின்றது.

இப்போதும் ஷூ வாங்கினால், லேஸ் இல்லாததாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.